சைவ வீட்டு ஃபிரிட்ஜ்

"முட்டையைக்கூட உள்ள விடாத வீடு இது. இங்க வந்து மாமிசத்தை ஃபிரிட்ஜ்ல வைக்கணும்ங்கிறியே, உனக்கு என்னா ஆச்சு ஜெயமதி?"

அனந்தமதி அம்மாள் ஃபிரிட்ஜ் கதவை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கே முதலில் வந்த ஃபிரிட்ஜ் அது. தமிழ்ச் சமணரான நயினார் வீடு வேறு. வெங்காயம், பூண்டுகூட அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை.

மருமகள் ஜெயமதி தோளில் தொங்கிய ஐஸ் பெட்டியை இறக்கவே இல்லை. மெட்ராஸில் தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். காலையில் பாண்டிச்சேரியிலிருந்து மெட்ராஸ் போகக் கிளம்பியவளை, சாலை மறியல் திண்டிவனத்திலேயே இறக்கிவிட்டது. இனி மறுநாள்தான் பஸ். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமிசம் இல்லீங்க அத்தை. தைராய்டு கேன்சர் வந்தவங்க கழுத்துல ஆபரேஷன் பண்ணி எடுத்த கட்டி. அதுலேர்ந்து ஒரு துளித் துண்டு."

"அப்போ அது என்னா, கத்திரிக்காயா?"

ஜெயமதிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இதுல துத்தநாகம், செம்பு, செலினியம்லாம் எவ்ளோ இருக்குதுன்னு அளக்கணும்ங்க. ஒடம்புல ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும். அது கூடுறதையும் குறையறதையும் வெச்சு, கட்டி திரும்ப வருமான்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு பார்த்துக்கினு இருக்கேன். இது உருகிட்டா எல்லாம் போச்சு. இன்னொரு தடவை அவங்க கழுத்தைக் கிழிச்சா எடுக்க முடியும்?"

ரெண்டு வருஷமாக அவள் பாண்டிச்சேரிக்கும் மெட்ராஸுக்கும் அலைந்து அனுமதி வாங்கியது இந்த ஒன்பது பிளாஸ்டிக் புட்டிகளுக்காகத்தான்.

"யாரு யாரோடது இதெல்லாம்?"

"எனக்கே தெரியாதுங்க. டாக்டர் பேரை மறைச்சு, நம்பரும் எந்தப் பக்கம், என்ன சாப்பாடுங்கிறதும் மட்டும்தான் எழுதி ஒட்டிக் குடுப்பாரு. ஆள் தெரிஞ்சா அளக்கறவங்க மனசு ஒரு பக்கம் சாஞ்சுடும்னு அப்படி ஏற்பாடு. மரக்காணம் பக்கம் மீன் சாப்பிடறவங்க அஞ்சு பேரு. செஞ்சி, திண்டிவனம் பக்கம் பரம்பரையா சைவம் சாப்பிடறவங்க நாலு பேரு. எல்லாரும் போன மாசம் பாண்டிச்சேரியில ஆபரேஷன் ஆனவங்க."

அனந்தமதி அம்மாள் ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. அந்தச் சைவத்தை மட்டும் உள்ள வையி."

"மீன் சாப்பிடறவங்களோடது கெட்டுப்போனா, சைவம் நாலும் குப்பைதாங்க அத்தை. ரெண்டையும் ஒத்துப் பார்க்கத்தானே ஆராய்ச்சியே."

"பேஜாரு புடிச்ச படிப்பு" என்று முணுமுணுத்தார். ஆனால் கதவை விட்டு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு அவருடைய வேகத்தைப் பார்த்து ஜெயமதி அசந்துபோனாள். பாலும் தயிரும் வெளியே வந்தன. ஐஸ் தட்டு வெளியே வந்தது. ஒன்பது புட்டிகளையும் தன் கண்முன்னே அடுக்கச் சொன்னார்.

"மீனு அந்தப் பக்கம். சைவம் இந்தப் பக்கம். இடிச்சுக்கக் கூடாது."

சாயங்காலம் கரண்ட் போயிற்று. ஜெயமதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அனந்தமதி அம்மாளோ மகனுடைய வேர்க்கடலை மண்டிக்கு ஆளை விரட்டி, மல்லாட்டைச் சாக்குகளைக் கொண்டுவரச் சொல்லி, ஃபிரிட்ஜுக்குப் போர்வை மாதிரி சுற்றிக் கட்டினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அன்று அவர் தட்டோடு வந்து ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

பக்கத்து வீட்டு தேவகி ஐஸ் கட்டி கேட்டு கிண்ணத்தோடு வந்தாள்.

"இன்னிக்கு யாரும் கதவைத் தொறக்கக் கூடாது தேவகி. எம் மருமக ஆராய்ச்சி உள்ள இருக்குது. செலினியம்னா என்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா."

"எனக்கும்தான் தெரியாது. எம் மருமகளுக்குத் தெரியும்." தேவகி நீட்டிய கிண்ணத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பெருமை.

கரண்ட் வந்தது. புட்டிகள் கல் மாதிரி உறைந்தே இருந்தன.

காலையில் சோடாக் கடையிலிருந்து ஐஸ் வரவழைத்து, பெட்டியை நிரப்பி, மருமகளை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார் அனந்தமதி அம்மாள். ஜெயமதி ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி என் படிப்பே போயிருக்கும்ங்க அத்தை" என்றாள். "ஜாக்கிரதையா போ" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

வாசலில் தேவகி காத்திருந்தாள்.

"மருமக மேல ஆசை இருக்க வேண்டியதுதான்க்கா. அதுக்காக ஊரு பேரு தெரியாதவங்க சதையை வெச்சு, இத்தனை நாள் காப்பாத்துன ஃபிரிட்ஜைத் தீட்டாக்கிக்கினீங்களே?"

அனந்தமதி அம்மாள் தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். தேவகியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கழுத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கினார். தொண்டைக்குக் கீழே, ஆறியும் ஆறாமலும், தையல் போட்ட ஒரு கோடு.

"போன மாசம் பாண்டிச்சேரிக்குப் பொண்ணு வீட்டுக்குன்னு போனது இதுக்குத்தான். மெட்ராஸ்ல ஜெயமதின்னு ஒருத்தங்க ஆராய்ச்சிக்குக் கேக்கறாங்க, குடுக்கறீங்களாம்மான்னு டாக்டர் கேட்டாரு. அவ எம் மருமகதான்னு சொல்லாமலே கையெழுத்துப் போட்டேன். அந்த நாலு சைவத்துல ஒண்ணு நான்தான் தேவகி. அவகிட்ட மூச்சு விட்டுடாதே, முதல்ல அவ பட்டம் வாங்கட்டும்."