கோமுகத்துக்கு இரண்டு படிவங்கள்

"நோய் ஏதேனும் உண்டா?" என்ற வினாவின் எதிரே கலியமூர்த்தியின் பேனா நின்றுவிட்டது.

அவர் நிரப்பிக்கொண்டிருந்தது தம்முடைய படிவத்தை அன்று. மனைவி லோகநாயகியின் படிவத்தை.

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பின் மலையேற்றக் குழுவில் அப்படியொரு வழக்கம் உண்டு. மலைக்குப் போகும் ஆசையில் எவரும் தம் நோயைத் தாமே மறைத்துவிடுவர். ஆகவே கணவனுடையதை மனைவியும், மனைவியுடையதைக் கணவனுமே எழுத வேண்டும். எழுதியதை உரியவர் படித்துக் கையொப்பமிட வேண்டும். குழுவை நடத்தும் பால்ராஜ் இதில் அணுவளவும் இளகமாட்டான்.

இவ்வாண்டுப் பயணம் கோமுகத்துக்கு. பனிப்பாறையின் வாய் பிளந்து கங்கை புறப்படும் இடம். கங்கோத்திரியிலிருந்து இரண்டு நாள் மலைநடை.

இருபத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் லோகநாயகி பொன் கேட்டதில்லை, பட்டுக் கேட்டதில்லை. ஈசன் சடையில் ஏற்ற நீரை, அது பிறக்கும் இடத்திலேயே ஒரு கை அள்ள வேண்டும் என்பது ஒன்றே அவள் கேட்டது.

சென்ற மாதம் மருத்துவர் அவரை மட்டும் உள்ளே அழைத்தார். லோகநாயகியின் வயிற்றில் புற்று என்றார். தீபாவளியைக் கண்டால் அதுவே பெரிது என்றார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம், வெறும் வாயுக்கோளாறுதான் என்று சொல்லிவிட்டு, கலியமூர்த்தி இளநீர் வாங்கித் தந்தார். அவள் வழுக்கையையும் வழித்துத் தின்றாள்.

இப்போது உண்மையை எழுதினால் பால்ராஜ் அவள் பெயரை அடித்துவிடுவான். அதைவிடக் கொடிது, அவளும் அறிந்துகொள்வாள்.

"இன்னா அண்ணாத்தே, பரீட்சையா எழுதிகினு கீற? அண்ணி அப்பவே முடிச்சிட்டாங்க பாரு!" என்றான் பால்ராஜ்.

"ரேசன் கார்டுல எம் பேரை எழுதவே இவருக்கு அரை நாளு ஆச்சு தம்பி" என்று சிரித்தாள் லோகநாயகி.

இறைவா, பொறுத்தருள் என்று நெஞ்சுக்குள் வேண்டிக்கொண்டு, "இல்லை" என்று எழுதினார்.

அடுத்த வினா: "வழியில் உயிர் பிரிந்தால் அங்கேயே எரியூட்டச் சம்மதமா?"

"சம்மதம்" என்று எழுதிப் பேனாவை மூடினார்.

படிவங்கள் கைமாறின.

லோகநாயகி தன்னுடையதை வரிவரியாகப் படித்தாள். "இல்லை" என்ற சொல்லின்மேல் அவள் விரல் சற்றே தங்கிற்று. பிறகு தன் வட்டவட்டமான எழுத்தில் கையொப்பமிட்டுப் பால்ராஜிடம் நீட்டினாள்.

கலியமூர்த்தி தம்முடையதை எடுத்தார்.

சர்க்கரை நோய் உண்டு என்று எழுதியிருந்தாள். சைவம் என்று எழுதியிருந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன.

அடியில், குழுவினரின் கவனத்துக்கு என்று விட்டிருந்த இடத்தில் மூன்று வரிகள்:

"இரவு மாத்திரையை மறந்துவிடுவார், நினைவூட்ட வேண்டும்.

திரும்பும்போது இவர் தனியாக இருப்பார்.

ஆவடியில் வீடு வரைக்கும் யாராவது கூட வாருங்கள்."