குனியாத நிழல்

ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கட்டிய வெள்ளைத் துணியில், படமாக எடுத்த எகிப்து மேடை நாடகம் ஓடுகிறது. பருத்த நடிகர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்துகிறார். படத்துக்குள், அந்த நாடகம் பார்க்க உட்கார்ந்திருக்கும் சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அடியில் ஓடும் இங்கிலீஷைப் படித்து, கிளார்க் ஞானராஜ் மைக்கில் சொல்கிறார்: "என் இஷ்டப்படிதான் இருப்பேன், எவனும் என்னைக் கேக்கக் கூடாதுங்கறாரு." மைதானம் சற்றுப் பிந்திச் சிரிக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் வேம்புலி தொடையைத் தட்டுகிறான். "கரெக்ட்டா சொன்னான் நைனா!" சிரிப்பு அடங்குமுன் மனைவி சொர்ணத்தின் பக்கம் திரும்புகிறான். "இன்னும் குந்திகினு கீறே? நைட் ஷிப்ட்டுக்கு சோறு கட்ட வாணாம்? ஊட்டுக்குப் போ." "முடியட்டும்யா, பாத்துட்டுப் போறேன்." "மிச்சக் கதைய நான் வந்து சொல்றேன், போ." காலையிலிருந்து அடுப்படியிலும் குழாயடியிலும் நின்ற கால்கள் மரத்துக் கிடக்கின்றன. புடவை மண்ணைத் தட்டிவிட்டு எழுகிறாள். வழி புரொஜக்டருக்கு முன்னால்தான். எல்லோரும் குனிந்து கடக்கும் அந்த வெளிச்சத்தில் குனிய அவளுக்கு உடம்பு வளையவில்லை. நிமிர்ந்தே போகிறாள். அவள் நிழல் துணியில் பெரிதாக எழுந்து நடிகரை முழுசாக மூடுகிறது. "குனிம்மா, குனி!" என்று பின்னால் கூச்சல், அதில் வேம்புலியின் குரலும் இருக்கிறது. சொர்ணம் அப்படியே நின்றுவிடுகிறாள். துணிக்குள், எங்கோ ஒரு ஊரில், சனம் கைதட்டுகிறது.