நம்பர் பிழைத்த கண்ணாடி

பார்சல்காரன் இந்த முறையும் ஷஃபீனாவுக்குத்தான் போன் எடுத்தான்.

"மிஸ், சந்திக்கு வாங்க. உள்ளுக்கு வர ஏலாது. மணல்ல பைக் புதையுது."

புத்தளத்து மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்பிட்டிக்கு வந்து, அப்போதுதான் கதிரையில் காலை நீட்டியிருந்தாள். ஓர்டர் பண்ணுவது புருஷன் முஸம்மில், கொடுப்பது பொஞ்சாதியின் நம்பர். கந்தோரில் அவனுக்குப் போன் எடுக்க ஏலாதாம். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்க, வந்த வழியே திரும்ப நடந்தாள்.

பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி. கொம்பியூட்டரின் நீல வெளிச்சத்தைத் தடுக்குமாம். கந்தோரில் கிளாக்கராக இருக்கிற முஸம்மிலுக்குக் கண் எரிகிறதாம்.

அவனுக்கு வேண்டியது பவர் இல்லாத வெறும் கண்ணாடி. முதலில் வந்தது பவர் ஒன்று. அடுத்தது ஒன்றரை. இன்றைய பெட்டியில் 'இரண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

முஸம்மில் வீடு வந்ததும் பெட்டியை அவன் முன்னால் வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, திரும்பவும் பிழை!"

அவன் போட்டுப் பார்த்தான். "ஓம். எல்லாம் கலங்குது."

"ஓர்டர் பண்ணக்குள்ள நம்பரப் பாக்கிறல்லயா?"

"பாத்தன்தான்."

"பாத்தா இந்த லட்சணம்? ஒரு தரம் பிழைச்சா அடுத்த தரமாவது திருந்தணும். உங்களுக்குப் பிழை கூடிக் கூடிப் போகுது! திருப்பி அனுப்புங்க."

"அதுக்கு ஆரு அலையிற? ஜப்பார் காக்காட கடையில வெச்சிட்டு வாறன். ஆருக்கும் சரிவந்தா எடுக்கட்டும்."

முந்திய இரண்டும் அங்கேதான் போயின.

ஜப்பார் காக்கா என்ற பேரைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சந்தியில் தையல்கடை வைத்திருக்கிறவர். போன பெருநாளைக்கு மகனுக்கு அவர் தைத்த காற்சட்டையின் தையல், மணலில் நண்டு போன வழிபோல வளைந்து கிடந்தது. 'கண்ணக் கொஞ்சம் காட்டுங்க காக்கா' என்று யாரோ சொன்னதற்கு, 'என்ட கண்ணுக்கு ஒண்டுமில்ல, இப்ப வாற நூல்தான் சரியில்ல' என்று பாய்ந்தாராம்.

அதை ஷஃபீனாதான் ஒரு கலியாண வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். "காக்காக்குக் கண் போயிட்டு" என்ற கதை அங்கிருந்து ஊருக்குள் போனது. பிறகு பலர் அவரிடம் துணி கொடுப்பதை விட்டுவிட்டார்கள்.

முஸம்மில் மட்டும் விடவில்லை. கண்ணாடியோடு மகனின் ஸ்கூல் காற்சட்டைத் துணியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"அவருட்டயா குடுக்கப் போறீங்க? உங்களுக்குப் புத்தி கித்தி இரிக்கா?"

"பக்கத்துல இரிக்கிற மனுசன்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அடுத்த கிழமை காற்சட்டையை எடுக்க அவளே போனாள். வேலை முடிந்த அலுப்பு, கால் உளைவு எல்லாவற்றையும் ஒரு சண்டையாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் போனாள்.

ஜப்பார் காக்கா கண்ணாடியோடு மெஷினில் குனிந்திருந்தார். அவளைக் கண்டதும் வெடுக்கென்று கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"வாங்க தங்கச்சி. அது... முஸம்மில் வெச்சிட்டுப் போன கண்ணாடி. சும்மா கிடந்து பழுதாகிடுமெண்டு இடைக்கிடை போட்டுப் பாக்கிற."

ஷஃபீனா காற்சட்டையை உள்பக்கம் திருப்பினாள். சண்டைக்குக் காரணம் தேடினாள். தையல் நேராகப் போனது. மற்றக் காலைத் திருப்பினாள். அதுவும் நேர்.

"பாவம் அந்தாளு" என்றார் காக்கா. "படிச்ச மனுசன், ஒரு கண்ணாடி ஓர்டர் பண்ணத் தெரியா. முதல் வந்தது ஒண்டுக்கும் உதவாது. ரெண்டாவது கொஞ்சம் பரவால்ல. இப்ப வந்தது நல்ல சாமான்..." செருமிக்கொண்டார். "போடுற ஆக்களுக்குச் சொல்றன்."

ஷஃபீனா காற்சட்டையை மடிக்க மறந்து நின்றாள்.

ஒன்று, ஒன்றரை, இரண்டு. அது பிழை கூடிப் போனதல்ல. கண் தெரியவில்லை என்று சொல்ல மாட்டாத ஒரு மனுசனின் கண்ணுக்கு எது பொருந்தும் என்று முஸம்மில் படிப்படியாகத் தேடியிருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கலியாண வீட்டில் அதுவும் கதையாகியிருக்கும். அது அவளுக்கே தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒண்டு தங்கச்சி..." காக்காவின் குரல் இறங்கியது. "ஊசியில நூல் கோக்கக்குள்ள மட்டும்... இன்னும் கொஞ்சம் பவர் கூட வந்திருந்தா... ஆருக்காவது உதவும்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காற்சட்டையைக் கவனமாக மடித்தாள்.

"வரும் காக்கா. அவருக்கு நம்பர் பாக்கத் தெரியா, அடுத்ததும் பிழையாத்தான் வரும். பார்சல் எடுக்கச் சந்திக்கு நான்தானே வாற, நேரா இஞ்சயே கொண்டாந்து வெச்சிட்டுப் போறன்."