ஒரு தோழிக்காக

வகுப்பறைச் சாவி கைமாறுவதைப் பார்க்க பாஸ்டர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

ஒட்டடைக்குச்சி சுவரில் இருந்த படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலி போடாமலே எட்டும் உயரம். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

இதுவரை ஒட்டடைக்குச்சி நடத்திய வகுப்பு, இன்றிலிருந்து சாவி வாங்க வந்து நிற்கும் இவளுடையது. ஏன் என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. அந்தச் சபையில் பாட்டைத் தவிர எதையும் சத்தமாகச் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றது இவள்தான். எனக்குத் தெரிந்த ஒரு தோழி, அவள் மனம் பெண்கள் பக்கமே போகிறது, அவளுக்காக ஜெபியுங்கள் என்றாள். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை என்று நினைத்தாள், படித்த முட்டாள்.

ஆன்ட்டிமார் மூக்கைச் சிந்திச் சிந்தி ஜெபித்தார்கள். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் ஆளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இவளுக்கு இருப்பதே ஒரு தோழி, ஒட்டடைக்குச்சி. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள். தலைமுடியை வேறு ஒட்ட வெட்டியிருக்கிறாள். அப்புறமென்ன.

பாஸ்டர் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினாராம். பாவத்தைத்தான் வெறுக்கிறோம், உன்னை இல்லை என்றாராம். பிள்ளைகள் பக்கம் மட்டும் இனி வராதே என்றாராம்.

கடைசியாகக் கழற்றியது நோவாவின் பேழை படம். யாரோ ஒரு பிள்ளை ஒட்டகச்சிவிங்கிக்குக் கண்ணாடி மாட்டி, அடியில் ‘டீச்சர்’ என்று எழுதியிருந்தது. ஒட்டடைக்குச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுருட்டினாள்.

அது நீ இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று இவள் கேட்டாள். வாசலுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

“நான் இல்லன்னா அடுத்து யாருன்னு தேடுவாங்கல்ல, லூசு. உங்கப்பா வேற கமிட்டில உக்காந்திருக்காரு.”

இவளுக்கு முகம் எரிந்தது. அன்றைக்கு ஜெபம் கேட்டது தனக்காக என்று இவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒட்டடைக்குச்சியிடம்கூட.

ஒட்டடைக்குச்சி சாவியை நீட்டினாள். அத்தனை நேரமும் உள்ளங்கையிலேயே வைத்திருந்திருக்கிறாள் போல, சூடாக இருந்தது.

பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்ததா என்று பாஸ்டர் வாசலிலிருந்து கேட்டார்.

அது நான்தான் என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. இவள் வாயைத் திறக்கவும் செய்தாள்.

“சாவி வாங்கிட்டேன் பாஸ்டர்.”