இடுப்புக்கு இதமாக

டெல்லி கரோல் பாக் கார் சாமான் கடையில் வேணு தன் ஜீப்புக்காக முதுகு மெத்தை, கழுத்துத் தலையணை என்று வாங்கிக் குவித்தான். மனைவி அகல்யாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போன தடவை மணாலி போய் வந்து ஒரு வாரம் அவள் இடுப்பு நிமிரவில்லை.

"பிரதீப், நீ உட்கார்ந்து பாருடா!" என்றான் வேணு, மச்சினனிடம்.

"என் தம்பிதான் சனிக்கிழமை ட்ரிப்புக்கு நம்மகூட வரலையே, அவன் எதுக்குங்க?"

"அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே இடுப்புதானே!"

பிரதீப் சாய்ந்து பார்த்தான். "சூப்பர் அத்தான், தூக்கமே வருது."

"தூங்கிடாதேடா!" என்று பதறினான் வேணு.

சனிக்கிழமை காலை வேணு ஜீப்பைத் தெருவுக்கு எடுத்தான். ஏறி உட்கார்ந்த அகல்யா 'ஐயோ' என்று எழுந்தாள். அதே பழைய கட்டாந்தரை சீட்.

"ஏங்க, மெத்தையெல்லாம் எங்கே?"

வேணு பின்னால் கைகாட்டினான். இவ்வளவு நேரம் ஜீப் நின்றிருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் புது மெத்தைகளுக்கு நடுவே மகாராஜா மாதிரி பிரதீப். எதிரே, அந்த பார்க்கிங்குக்குள் நுழையத் துடித்தபடி உறுமிக்கொண்டிருந்தது மாடி வீட்டு குப்தாவின் கார்.

"நாமளாவது வழியில இறங்கி டீ குடிப்போம் அகல்யா. நாம திரும்பி வர்ற வரைக்கும் அவன் அசையவே கூடாதே!"