மாடி ரயில்வே

“மூணு பெட்டி ஆத்துல கிடக்கு. இதுக்கு யார் பொறுப்பு?” என்றார் மேனேஜர்.

பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேஜை ஓரத்தில் வைத்தார். ஆறு என்பது நீலப் பெயின்ட் மேல் அடித்த வார்னிஷ். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.

மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான மாடி அறையில், ரிட்டயரான மூன்று நண்பர்கள் சேர்ந்து கட்டிவரும் பொம்மை ரயில்பாதை அது. வீட்டுக்காரரான பேங்க் மேனேஜர், பல் டாக்டர், கணக்கு வாத்தியார். மலை, குகை, பாலம், சிக்னல் எல்லாம் வந்துவிட்டன. ரயில் ஒரு முழுச் சுற்று ஓடி முடித்ததுதான் இன்னும் இல்லை.

ஒரு வாரம் வயர் விட்டுப்போகும். அதைச் சரிசெய்தால், மறுவாரம் குகைக்குள் தண்டவாளம் கோணிக்கொண்டு நிற்கும். இன்றைக்குப் பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில், இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் சின்னத் தகட்டையே காணோம்.

கீழேயிருந்து மேனேஜரின் மனைவி குரல் கொடுத்தாள். “மறுபடியும் விழுந்துடுச்சா? ஒரு நாள் பாருங்க, மொத்தத்தையும் அள்ளிப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடப்போறேன்.”

மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. விசாரணைக் கமிஷன் அமைப்பதில் மும்முரமாக இருந்தார். தலைவர் அவரே. உறுப்பினர் வாத்தியார். வளைவைப் போட்டவர் டாக்டர் என்பதால் குற்றவாளி அவர்தான் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. விசாரிப்பதுதான் பாக்கி.

“நாப்பது வருஷம் பல்லு பிடுங்கியிருக்கேன். ஒருத்தர் என் கையைக் குறை சொன்னதில்ல,” என்றார் டாக்டர்.

“வாயைத் தொறந்து வெச்சிருந்தவங்க எப்படிச் சொல்வாங்க?” என்றார் வாத்தியார்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்க சரிவுக் கணக்குதான் தப்பு. அதான் வண்டி தலைதெறிக்க இறங்கிப் போய் விழுது.”

“என் கணக்கா தப்பு?” வாத்தியார் பழக்கதோஷத்தில் சாக்பீஸைத் தேடினார்.

மேனேஜர் மேஜையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார். டாக்டர் தண்டவாளப் பிரிவிலிருந்து மரப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். இனிமேல் ஸ்பாஞ்சைக் கத்தரித்துப் பச்சைச் சாயம் தோய்த்து மரம் நட்டால் போதும். பேங்கில் பிடிக்காதவர்களையெல்லாம் ஊர் ஊராகத் தூக்கியடித்த கை அது. தயங்கவே இல்லை.

“அப்போ என் ஸ்டேஷனை நான் எடுத்துட்டுப் போறேன்.” டாக்டர் பிளாட்பாரத்தோடு சேர்த்துப் பெயர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“என் கணக்கை நம்பாத எடத்துல எனக்கென்ன வேலை?” வாத்தியார் தான் வாங்கிவந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கினார். சிக்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன.

“போங்க, தாராளமா போங்க.” மேனேஜரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. “எனக்கு மட்டும் வேலை இல்லையா? சமையலறைல எந்த டப்பா எங்க இருக்கணும்னு ஒரு முறையே கிடையாது. நாளைலேர்ந்து நான் அங்கதான் நிக்கப்போறேன்.”

கீழே பாத்திரச் சத்தம் நின்றது.

சற்று நேரத்தில் மேனேஜரின் மனைவி டீத் தட்டோடு மாடியேறி வந்தாள். அந்த அறை வாசலை அவள் மிதித்து மூவரும் பார்த்ததே இல்லை.

“உட்காருங்கண்ணா, ரெண்டு பேரும். டாக்டர் அண்ணா கைவேலைக்கு என் கடைவாய்ப் பல்லே சாட்சி. வாத்தியார் அண்ணா கணக்கு என்னிக்குத் தப்பியிருக்கு? வீடு பழசு. நான் கீழ மிக்சி போட்டாலே இங்க தரை அதிருது. அதுல அந்த வளைவுத் தகடு நழுவிப் போயிருக்கும்.”

மூவரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். யார்மேலும் தவறில்லை என்ற முடிவை எந்தக் கமிஷன்தான் வேண்டாம் என்று சொல்லும்?

“அதிர்வை நான் கணக்குல சேக்கல,” என்று வாத்தியார் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். மாற்றல் உத்தரவு ரத்தானது. ஸ்டேஷன் பழைய இடத்துக்கே திரும்பியது.

“மேஜை முழுக்க ரப்பர் ஷீட் போடணும். எல்லாத் தண்டவாளத்தையும் எடுத்துட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்,” என்றார் டாக்டர், குரலில் உற்சாகம் தாங்காமல். “ஆறு மாசம் ஆகும்.”

“இன்னும் ஆறு மாசமா?” என்று தலையில் அடித்துக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

சாயங்காலம் நண்பர்கள் போய்விட்டார்கள். மேனேஜர் மாடியில் டேப்பும் கையுமாக மேஜையை அளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, டாக்டரின் மனைவிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, ஒரு வழியா மூணு பேரையும் சேத்து வெச்சுட்டேன். எங்க பிரிஞ்சிடுவாங்களோன்னு உசுரே போயிடுச்சு.”

“நல்ல காரியம் பண்ணின. ரிட்டயரான புதுசுல இவர் வீட்டோட இருந்தப்ப, வெங்காயம் நறுக்குறதுக்கு எனக்கு வகுப்பு எடுத்தார். அது மறுபடி வேணாம்மா.” டாக்டரின் மனைவி குரலைத் தாழ்த்தினாள். “அப்போ உன் வீட்டுக்காரரும் இவரும் மத்தியானம் தூங்குறப்ப ஒரு நடை வந்துட்டுப் போகட்டுமா?”

“வேணாங்கக்கா, அடுத்த தகடு கழட்டுறது வாத்தியார் வீட்டக்கா முறை.”