நூறு சதவீதப் பள்ளி

கல்வி அலுவலகக் கூட்டத்தில் நாற்காலிகளைக்கூடத் தேர்ச்சி விகிதப்படிதான் போட்டிருந்தார்கள்.

முதலிடம் பிடித்த தலைமை ஆசிரியருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம். கடைசி இடம் பிடித்த தலைமை ஆசிரியைக்குக் கழிப்பறைக் கதவை ஒட்டி. யார் உள்ளே போனாலும் அவர் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது.

"மாவட்டத்துலயே நம்ம வட்டாரம்தான் கடைசி. மேல என்னை உரிச்சு எடுக்கறாங்க" என்றார் அதிகாரி. "எல்லாம் இந்தம்மா பள்ளியால. பத்தாவதுல பாதிப் பேர் ஃபெயில்."

ஆசிரியை எழுந்து நின்றார்.

"சாரைப் பாருங்க. நூத்துக்கு நூறு. எப்படி சார்?"

முதலிடத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்டிப்புதான் சார்."

"எத்தனை பேர் பரீட்சை எழுதினாங்க?"

"நாலு பேர்."

அதிகாரி பேனா மூடியைக் கடித்தார். "ஒன்பதாவதுல அறுபது பேர் இருந்தாங்களே?"

"தேற மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் டி.சி. குடுத்து அனுப்பிட்டேன் சார்."

"எங்கே?"

முதலிடத்துக்காரர் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுல பாதிப் பேர் இப்போ பாஸ் சார்" என்றார் ஆசிரியை மெதுவாக.

"மீதிப் பாதி? அவர் எவ்வளவு திறமையா நிர்வாகம் பண்றார் பாருங்க. நீங்களும் தேறாததுங்களை அடுத்த பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதானே?"

"எங்களுக்கு அடுத்து பள்ளியே இல்லையே சார். செங்கல் சூளைதான் இருக்கு. அங்கே உடனே சேர்த்துக்குவாங்க."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. அடுத்த வருஷமும் கடைசின்னா உங்களைப் பதவியிலேருந்து இறக்கிடுவேன்."

கூட்டம் முடிந்தது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே மாடிப்படி இறங்கினார். பின்னாலேயே முதலிடத்துக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்."

"நீங்களும் புத்தி சொல்லணுமா சார்?"

"இல்ல, ஒரு உதவி." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணு என் பள்ளியிலதான் ஒன்பதாவது படிக்கறா. கணக்கு சுத்தமா வரல. அடுத்த வருஷம் அவளை வெச்சுக்கிட்டா என் நூறு போயிடும்."

ஆசிரியை அவரையே பார்த்தார்.

"அவளுக்கும் டி.சி. எழுதிட்டேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"நாளைக்கே அனுப்பி வைங்க, நான் பார்த்துக்கறேன். ஆனா பெத்த அப்பாவே அனுப்பிட்டாரேன்னு குழந்தை மனசு ஒடிஞ்சு போயிருக்குமே சார்?"

"அப்படித்தான் நானும் பயந்தேன். அவ என்னடான்னா, 'அந்த டீச்சர் புரியற வரைக்கும் சொல்லித் தருவாங்களாம். போன வருஷமே என்னை அனுப்பியிருக்கக் கூடாதாப்பா'ங்கறா."